கொத்தனார் மாமாவோடு கோயில் பார்த்த கதை

முதல் தடவை நாங்கள் டெல்டாவில் கோயில் பார்த்தது வேன் பிடித்து. அம்மாவுக்கு நவக்கிரக வேண்டுதல். காலை நாலரைக்குக் கும்பகோணத்தில் கிளம்பி, ராத்திரி ஒன்பதரைக்கு லாட்ஜுக்குத் திரும்பும்போது ஒன்பது கோயிலும் முடிந்திருந்தது. அம்மாவுக்குப் பரம திருப்தி. எனக்கு ஞாபகம் இருந்தது மூன்றே விஷயங்கள்: கஞ்சனூரில் சாப்பிட்ட புளியோதரை, திருநள்ளாறு வரிசை, வேன் டிரைவர் ஒவ்வொரு வாசலிலும் சொன்ன "இருபது நிமிஷம்தான் சார்". போனில் இருநூற்றுச் சொச்சம் படங்கள். எடுத்துப் பார்த்தால் எல்லாமே வண்ணம் அடித்த கோபுரத்தின் மேல்பாதி, கீழே எங்கள் மூஞ்சி. எந்தப் படம் எந்த ஊர் என்று இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

அடுத்த தை மாதம் மறுபடி போனோம். இந்தத் தடவை அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கூட வந்தார். நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். கோயில் விஷயத்தில் அவருக்குப் படிப்பும் கிடையாது, பெரிய பக்தியும் கிடையாது. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் சுவர் மூலையைத்தான் முதலில் பார்ப்பார். கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப் போனால்கூட, "மட்டம் போச்சு மாப்ள" என்று ஆரம்பித்துவிடுவார். இவரோடு எப்படி ஊர் சுற்றுவது என்றுதான் நினைத்தேன். கோயில் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

முதல் பாடம் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். நந்தி மண்டபத்துக்கும் கோயில் படிக்கும் நடுவில் கல் தரையில் உட்கார்ந்திருந்தோம். வெயிலில் வெந்த தரை அந்த இடத்தில் மட்டும் ஆறிக் கிடந்தது. நான் என் பெண்ணிடம் வழக்கமான கதையை அவிழ்த்துவிட்டுக் கொண்டிருந்தேன். கருவறைக்கு மேல் எழும் விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல். மாமா வேர்க்கடலையை உரித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "மாப்ள, நாம இப்ப உக்காந்திருக்கமே, இந்த நிழல் யாரோடது?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். சூரியன் விமானத்துக்குப் பின்னால் இருந்தது. இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த அந்தக் கட்டடத்தின் நிழல் எங்களையும் தாண்டிக் கிழக்கே நீண்டிருந்தது. என் பெண் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த குடும்பமே திரும்பிப் பார்த்தது. ஒரே கல் கதையும் அப்படித்தான். உச்சியில் இருக்கும் சிகரம் பல கல் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது என்று கட்டடத்தை அளந்து ஆராய்ந்தவர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள். நாம்தான் விடமாட்டேன் என்கிறோம். இதில் எனக்கு என்ன வருத்தம் என்றால், இந்தக் கட்டுக்கதைகளைச் சொல்லிச் சொல்லியே உண்மையான ஆச்சரியங்களைப் பார்க்காமல் வந்துவிடுகிறோம்.

மாமாவுக்கு இருந்த ஆச்சரியம் வேறு. "இந்த ஊர்ல ஏதுடா கல்லு?" சரியான கேள்வி. காவிரி டெல்டாவில் எவ்வளவு தோண்டினாலும் வண்டலும் களியும் மணலும்தான். வீடு கட்ட ஜல்லிகூட வெளியிலிருந்துதான் வர வேண்டும். அந்த ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு மலையையே நகர்த்திக் கொண்டுவந்த மாதிரி கருங்கல்லை அடுக்கியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் இங்கே பல கோயில்கள் செங்கல்தான். செங்கல் தளிகளைக் கற்றளிகளாக, அதாவது கல் கோயில்களாக, மாற்றியதில் சோழ அரசி செம்பியன் மாதேவியின் பங்கு பெரிது. கோனேரிராஜபுரத்தில் தன் கணவர் கண்டராதித்தர் பெயரில் அந்த அம்மா கற்றளி எடுத்து, அவர் லிங்கத்தைப் பூசை செய்வதுபோல் சுவரில் ஒரு சிறு சிற்பமும் வைத்து, அது இன்னார் என்று கல்வெட்டும் போட்டிருக்கிறார். டெல்டாவில் ஒரு கல் கோயிலைப் பார்த்தால் முதலில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கல் இந்த ஊர்க் கல் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய கோயில் கல்வெட்டில் 'வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன்' என்று ஒரு பெயர் வருகிறது. இதைச் சொன்னதும் மாமா உரித்த கடலையை வாயில் போடாமல் அப்படியே இருந்தார். "ராசா பேரு இருக்கிற இடத்துல மேஸ்திரி பேரையும் வெட்டியிருக்கானா?" என்றார். ஆமாம் மாமா. "நம்ம கட்டுன வீட்டுல கிரகப்பிரவேசத்துக்கே கூப்பிட மாட்டானுங்க." அப்புறம் எழுந்து போய் வடக்குப் பக்கச் சுவரில் ரொம்ப நேரம் நின்றார். அவருக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

பிறகு கொஞ்சம் கற்றுக்கொண்டேன். ராஜராஜன் காலத் தமிழ் எழுத்து நினைப்பதைவிட நம் எழுத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. தடுமாறுவது இரண்டு இடங்களில். புள்ளி பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, தெரிந்த சொல் ஒன்றைத் தேடுங்கள். ஆரம்பத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' கிரந்தத்தில் இருக்கும், விட்டுவிடலாம். 'திருமகள் போல' என்று தொடங்கினால் ராஜராஜன். 'திருமன்னி வளர' என்றால் அவர் மகன் ராஜேந்திரன். 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்றால் முதலாம் பராந்தகன். இது மூன்றும் தெரிந்தாலே வழிகாட்டி இல்லாமல் ஒரு சுவரின் காலத்தைச் சொல்லிவிடலாம். நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டி முழுதாகப் படித்தது 'சாவா மூவாப் பேராடு' என்ற சொற்களை. ஒரு நந்தாவிளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடு கொடுப்பார்கள். ஆடு சாகலாம், கிழடாகலாம், ஆனால் கணக்கில் எப்போதும் 96 இருக்கும்படி பார்த்துக்கொள்வது மேய்ப்பவன் பொறுப்பு. தினமும் ஓர் உழக்கு நெய் வந்துவிட வேண்டும். அதனால் அவை சாகாத, மூப்படையாத ஆடுகள். டியூப்லைட்டில் 'உபயம்' எழுதுகிறவர்களைக் கிண்டல் செய்வதை அன்றோடு கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

கல்வெட்டு படிக்கிற ஆர்வத்தில் ஒரு தப்பும் செய்தேன். வேறொரு ஊர்க் கோயிலில் எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கையில் இருந்த திருநீற்றைக் கல்லில் பூசித் தேய்த்துவிட்டேன். காவலாளி வந்து பிடித்த பிடியில் என் பெண் முன்னால் தலை குனிய வேண்டியதாயிற்று. அவர் செய்தது சரி. திருநீறு, மாவு, எண்ணெய், சாக்பீஸ் எதுவும் வேண்டாம். செல்போன் டார்ச் போதும். ஆனால் நேராக அடிக்கக் கூடாது. சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில், கிட்டத்தட்ட கல்லைத் தடவுகிற மாதிரி வெளிச்சம் போக வேண்டும். மழுங்கிப்போன எழுத்துகூட நிழல் கட்டி எழுந்து நிற்கும். (ஓவியம் இருக்கும் சுவரில் டார்ச்சும் கூடாது, பிளாஷும் கூடாது.) சூரியனே இந்த வேலையைச் செய்யும் நேரமும் உண்டு. தை, மாசியில் வெயில் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்குச் சுவரில் காலை எட்டு மணிக்கும் மாலை நாலரைக்கும் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். மத்தியானம் அதே சிற்பம் தட்டையாக, செத்துப்போன மாதிரி இருக்கும். வடக்குச் சுவருக்கு அந்த மாதங்களில் வெயிலே கிடையாது, டார்ச்தான்.

இப்போது புள்ளமங்கைக்கு வருகிறேன். சொல்ல வந்ததே அதைத்தான்.

தஞ்சாவூரில் இருந்து அய்யம்பேட்டை வழியாகக் கும்பகோணம் போகும் சாலையில் பசுபதிகோயில் என்று இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடக்க வேண்டும். பிரம்மபுரீசுவரர் கோயில், தேவாரத்தில் ஆலந்துறை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். பூட்டு. அம்மாவுக்குக் கோபம். "வைத்தீஸ்வரன்கோயிலுக்காவது போயிருக்கலாம்" என்றாள். சின்ன ஊர்க் கோயில்களில் நேரம் எழுதிப் போட்டிருந்தாலும் அதை நம்பி ஓடக் கூடாது. குருக்கள் ஒருவரே இரண்டு மூன்று கோயில் பார்ப்பார். எட்டரைக்குள் போய்விடுவது உத்தமம். இல்லையா, சாயங்காலம் ஐந்துக்கு மேல். பூட்டியிருந்தால் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதைவிடப் பக்கத்தில் டீக்கடையில் விசாரித்தால் குருக்கள் வீடு தெரியும். அவர் சாப்பாட்டு நேரத்தில் போய் எழுப்பாதீர்கள். தட்டில் தாராளமாகப் போடுங்கள். பல கோயில்களில் அவர் சம்பளத்தைவிட அதுதான் பெரிது.

அன்று அய்யம்பேட்டைக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வந்தோம். கோபுரம் பிரமாதம் ஒன்றும் இல்லை. உள்ளே போனால் கருவறையைச் சுற்றி அகழி மாதிரி ஒரு பள்ளம், அதற்குள் சின்ன விமானம். முதலாம் பராந்தகன் காலத்தது, அதாவது பெரிய கோயிலுக்கு ஏறக்குறைய நூறு வருஷம் மூத்தது. நான் பழக்கதோஷத்தில் அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, மேல என்ன இருக்கு? அஸ்திவாரத்தப் பாரு."

அதிஷ்டானம் என்று புத்தகங்களில் எழுதுவார்கள். கோயில் சுவருக்குக் கீழே பட்டை பட்டையாக வருமே, அதுதான். அந்தப் பட்டைகளுக்கு நடுவில், குட்டித் தூண்களுக்கு இடையே, உள்ளங்கை அகலத்தில் சிற்பங்கள். ராமாயணக் கதை அங்கே ஓடுகிறது. சிவனும் ஆடுகிறார். ஒரு குரங்கின் முகத்தை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். கண்ணுக்கு மேல் புருவ எலும்பு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் அந்தக் குரங்குப் புடைப்பு, உடம்பைத் திருப்பிய வேகம், எல்லாம் என் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில். இதைச் செதுக்கியவன் தரையோடு தரையாகப் படுத்துத்தான் செய்திருக்க வேண்டும். நின்றுகொண்டு பார்க்கிற எவன் கண்ணிலும் படாது என்று தெரிந்தே செய்திருக்கிறான்.

மாமா சிற்பத்தைவிட அதற்கு மேலே ஓடும் கல் இணைப்பைத்தான் நகத்தால் காற்றில் தடவிக்கொண்டிருந்தார் (தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன்). சாந்து இல்லை. கல்லின் எடைதான் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கல்லில் தொடங்கும் கொடி அடுத்த கல்லில் கோடு பிசகாமல் தொடர்கிறது. "அடுக்கி முடிச்சிட்டுத்தான் செதுக்கியிருக்கான். ஒரு தட்டு தப்பினா மாத்த முடியாது. பூச்சு வேலைன்னா மறைச்சிரலாம்" என்றார். அவர் ஊகம் சரிதான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பெரிய கோயில் மேல்தளச் சுற்றில் நாட்டியக் கரணங்கள் 108-க்கு இடம் விட்டு 81 மட்டும் செதுக்கி, மீதிக் கற்கள் சுவரில் வைத்தபடி வெறுமையாக நிற்கின்றன. அங்கே பொதுமக்களை விடுவதில்லை.

வடக்குப் பக்கம் துர்க்கை. தலைக்கு மேல் குடை, காலடியில் எருமைத் தலை, இரண்டு பக்கமும் சிங்கமும் மானும், தன்னையே பலி கொடுக்கும் வீரர்கள். புத்தகத்தில் பார்த்திருந்தேன். நேரில் போனால் அம்மன் பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஏமாற்றம். அம்மாவோ, "எவ்வளவு அழகா கட்டியிருக்காங்க பாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இதில் யார் பார்ப்பது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் புடவையை விலக்கச் சொல்லிக் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. சாமி கும்பிடும் இடத்துக்கு நாம் வந்திருக்கிறோம். அபிஷேக நேரம் கேட்டுக்கொண்டு வந்தால் கொஞ்சம் அதிகம் தெரியும், அவ்வளவுதான்.

அங்கிருந்துதான் கீழிருந்து மேலே பார்க்கிற பழக்கம் வந்தது. அதிஷ்டானம், சுவர், தூண், தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, அப்புறம் கூரை விளிம்பு, கடைசியில் சிகரம். இதில் போதிகை ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே தோராயமாக வயது தெரிந்துவிடும். வளைந்து அலை அலையாக வந்தால் பழசு. நறுக்கென்று சாய்வாக வெட்டி நடுவில் நாக்கு மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் சோழர். வாழைப்பூ மொட்டு மாதிரி கீழே தொங்கினால் விஜயநகரம், நாயக்கர். ஒரே கோயிலில் மூன்றும் இருக்கும், குழம்ப வேண்டாம். பொதுவாக உள்ளே போகப் போக வயது கூடும். பெரிய கோயிலில்கூட அந்த நந்தி ராஜராஜன் வைத்தது இல்லை, நாயக்கர் காலம். அதே போல் கருவறை விமானம் உயரமாகவும் வாசல் கோபுரம் குட்டையாகவும் இருந்தால் முற்காலத் திட்டம், வாசல் வானத்தை முட்டினால் பிற்காலம். ஸ்ரீரங்கத்தின் 236 அடி ராஜகோபுரம் கட்டி முடித்ததே 1987-ல்தான்.

தாராசுரத்துக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். எல்லோரும் தேர்ச் சக்கரத்துக்கும் குதிரைக்கும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, யானையும் காளையும் ஒரே தலையாக இருக்கும் சிற்பத்தைத் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். அங்கேயும் கீழே பாருங்கள். கருவறையைச் சுற்றிப் பெரியபுராணக் கதைகள் சின்னச் சின்னப் பலகைகளாக ஓடுகின்றன. சேக்கிழார் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், கோயில் எடுத்தது அவன் மகன் இரண்டாம் ராஜராஜன். அப்பா காலத்தில் ஏட்டில் வந்தது மகன் காலத்தில் கல்லில். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கதையை என் பெண்ணே கண்டுபிடித்தாள். கையில் ஒரு நாயன்மார் கதைப் புத்தகம் இருந்தால் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. ஒன்பது மணி தாண்டினால் கல் தரை சுடும். பழைய காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் பிராகாரத்தில் தண்ணீர் நிற்கும்.

நடுவில் நாகூர் தர்காவுக்கும் போனோம், அம்மாவின் இன்னொரு வேண்டுதலுக்காக. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. அப்படியே தரங்காம்பாடிக்கும். அங்கே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம், 1718. முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் முத்திரை கிரீடத்தோடு இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில், முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மாமாவுக்கு இந்த ஊர்தான் ரொம்பப் பிடித்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் அவர் கைக்குப் பழகிய சாமான்கள். உப்புக் காற்று எந்தச் சுவரை எப்படி அரிக்கிறது என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். அதை இங்கே எழுதினால் நீங்கள் ஓடிவிடுவீர்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு இடம், அதற்கு மேல் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் பதிலுக்குப் பழமொழி சொன்னாள். "திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு. எங்க பாட்டி சொல்லும். ஊருக்கு ஒண்ணுதான்டா பாக்கச் சொல்லியிருக்கு." இத்தனை நாளாக ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீதான வேன் பிடிச்ச?" என்றாள்.

போன மாசியில் மறுபடி புள்ளமங்கை. காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். தீபாராதனை முடிந்து தட்டில் காசு போட்டுவிட்டு அம்மா வெளியே வந்தாள். நான் தெற்குச் சுவரில் இருந்தேன். "அந்தக் குரங்கு எங்கடா இருக்கு? உன் மாமன் ஒரு வருஷமா அதையே சொல்லிட்டிருக்கான்" என்றாள். காட்டினேன். முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டே சுவர் ஓரமாக மெதுவாகக் குந்தினாள், புடவைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். குருக்கள் சாவிக்கொத்தோடு வந்து நின்றார், அடுத்த கோயிலுக்கு அவருக்கு நேரமாகிவிட்டது. அம்மா இன்னும் மூன்று பலகை தள்ளிப் போய்விட்டிருந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. நானும் மாமாவும் ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கினோம்.